டப்பா அக்கா கொடுத்த வாக்கு

எங்கள் சுகாதார அலுவலகத்துக்கு வந்து அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. டப்பா அக்கா என்று கேளுங்கள், வாசலில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவன்கூட மாடியைக் கைகாட்டுவான். எங்கேயாவது கூட்டமாக வயிற்றுப்போக்கு கிளம்பினால், ஆளாளுக்கு ஒரு டப்பா கொடுத்து, மறுநாள் காலை மலப் பரிசோதனைக்கு அதைத் திரும்ப வாங்கி வருவதுதான் அக்காவின் வேலை. நான் அந்த அலுவலகத்து ஜீப் ஓட்டுநர். அதாவது, அக்கா வாங்கி வருவதையெல்லாம் ஊர் முழுக்கச் சுமந்து திரிகிற பாக்கியசாலி.

சிரிப்பு வருகிறதா? வரட்டும். சிரிக்கிறவர்கள் ஒரே ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்களோடது கொஞ்சம் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் வந்து என்னிடம் பேசுங்கள்.

அக்கா முன்பு ஒரு துணிக்கடையில் விற்பனையில் இருந்தவர். மில்லில் வேலை பார்த்த மாமாவுக்கு முதுகில் அடிபட்டுப் படுத்த பிறகு, நிலையான சம்பளம் வேண்டுமென்று இந்த வேலைக்கு வந்தார். மாமா இப்போது எழுந்து நடமாடுகிறார். வீட்டுச் சமையல் அவர் கையில்தான், ருசியும் அக்கா சமையலைவிட ஒரு படி மேல். ஒரே மகள், பள்ளியில் படிக்கிறாள். அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று தோழிகள் கேட்டதற்கு, "ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அக்கா அதை அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "பொய் ஒண்ணும் சொல்லலையே தம்பி, ஆராயத்தானே கொண்டு போறோம்?"

துணிக்கடைப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. வாசலில் நின்று கேட்க மாட்டார். உள்ளே போய் உட்காருவார், தண்ணீர் வாங்கிக் குடிப்பார், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நாளாகப் படுத்துகிறது என்று சொந்தக்காரரைப் போல விசாரிப்பார். கிளம்பும்போது பையிலிருந்து டப்பாவை எடுத்து, ஏதோ கல்யாணப் பத்திரிகை நீட்டுவது மாதிரி இரண்டு கையாலும் நீட்டுவார். அப்படி நீட்டினால் யாரால் மறுக்க முடியும்? மறுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அக்காவுக்கே தண்ணி காட்டிய கதை ஒன்று உண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்கள் சங்கத்தின் மாநாடு எங்கள் ஊரில் நடந்தது. பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பெரிய விடுதியில் தங்கினார்கள். மாநாடு முடிந்ததும் கண் பரிசோதனை இயந்திரங்களில் பயிற்சி. அதனால் யாரும் ஊருக்குத் திரும்பவில்லை. பயிற்சி பாதியில் இருக்கும்போது ஆரம்பித்தது கூத்து. முதலில் இரண்டாம் மாடி, அப்புறம் மூன்றாம் மாடி. வகுப்பில் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே ஓட, கடைசியில் பாடம் நடத்த வந்தவரே ஓடிவிட்டார். ஒருவர் ஊருக்குக் கிளம்பிப் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பி வந்தார். "பஸ் எங்கெங்க நிக்கும்னு கண்டக்டர்கிட்ட விசாரிச்சேன். அவர் சொன்ன பதில் எனக்குச் சரிப்பட்டு வரல" என்றார் பாவம்.

சாதாரணக் கோளாறு என்றால் இரண்டு நாளில் அடங்கியிருக்கும். இது அடங்குவதாக இல்லை. ஒரு நாள் நின்றது போலிருக்கும், மறுநாள் பழையபடி. குடலில் ஏதோ ஒட்டுண்ணி என்று எங்கள் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். அக்காவை அழைத்து, விருந்தாளிகள், சமையற்கூடத்து ஆட்கள், ஒருவர் விடாமல் எல்லோரிடமும் வாங்கி வரச் சொன்னார்.

அந்த விடுதிச் சமையற்கூடத்தில் பச்சைக் காய்கறியும் பழமும் நறுக்குவதற்கென்று தனி மேசை உண்டு. அதில் ஒரு பெண் வேலை பார்த்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அம்மாவும் படிக்கிற தம்பியும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். மற்ற ஆட்களெல்லாம் கேலி பேசிக்கொண்டே டப்பாவை வாங்கினார்கள். இவள் மட்டும் சாமான் அறைக்குள் அக்காவைத் தனியாகக் கூட்டிப் போனாள். டப்பா மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போய்த் தொலைத்தேன்.

"அக்கா, எனக்கும் வயிறு சரியில்ல. வெளிய சொல்லல. குடுத்தா என்னைத்தான் கைகாட்டுவாங்க. என்னை விட்டுடுங்களேன்."

"கைகாட்டுறதுக்கு நீ என்ன பண்ணே? உனக்கும் வந்திருந்தா உனக்கும் வைத்தியம் பார்க்கணும். குடு கண்ணு. உனக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு."

அந்தப் பெண் அக்காவின் முகத்தையே பார்த்தாள். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

முடிவு வந்தது. விருந்தாளிகளில் பாதிக்கு மேல் ஒட்டுண்ணி. சமையற்கூடத்தில் ஒரே ஒரு ஆளுக்கு. அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குணமாகும்வரை அவள் காய் நறுக்கக் கூடாது என்று விடுதிக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது. மேலாளருக்குப் பிடி கிடைத்துவிட்டது. அவள் கையால் நறுக்கியதைத் தின்றுதான் இத்தனை பேரும் படுத்தார்கள் என்று அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் அறிக்கை வந்ததும் ஒரேயடியாக நிறுத்திவிடப் போவதாகவும் சொன்னார். அப்படி நிறுத்தப்பட்டவளுக்கு எந்தச் சமையற்கூடத்தில் கதவு திறப்பார்கள்?

அக்கா நேராக டாக்டரம்மாவிடம் போனார். டாக்டரம்மா அவசரப்படுகிறவர் அல்ல. நிதானமாகத்தான் விளக்கினார்.

"மாநாடு ஆரம்பிச்ச அன்னிக்குக் காலையில, வந்தவங்க எல்லாருக்கும் எலுமிச்சையும் பச்சிலையும் போட்டு ஒரு ஜூஸ் குடுத்திருக்காங்க. அது விடுதியில செஞ்சது இல்ல, பந்தல் போட்டவங்க வெளியிலருந்து கொண்டு வந்தது. இந்தப் பொண்ணு அன்னிக்கு வேலைக்கு வந்ததே மத்தியானம். மிச்சம் இருந்த ஜூஸை அவளும் குடிச்சிருக்கா. கிச்சன்ல வேற யாரும் குடிக்கல. அதனால ஜூஸ்லயும் இருந்திருக்கலாம், அவ கையிலயும் இருந்திருக்கலாம். விருந்தாளிங்க ரெண்டையும் சாப்பிட்டிருக்காங்க. எப்படிப் பிரிச்சுச் சொல்றது?"

"ஜூஸ் மட்டும் குடிச்சவங்க யாரும் இல்லையாம்மா?"

"மூணு பேர் இருக்காங்க. சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர். உள்ளூர்க்காரங்க. காலையில ஜூஸைக் குடிச்சுட்டு, மாநாட்டைத் திறந்து வச்சுட்டுப் போனவங்க. அப்புறம் அங்க சாப்பிடவே இல்ல. அவங்களுக்கு வந்திருந்தா இவ மேல பழி இல்லைன்னு நானே எழுதிடுவேன். ஆனா மூணு டப்பாவுலயும் ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கே."

அக்கா வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்தார். வண்டியை எடுக்கச் சொல்லவில்லை.

"தம்பி, தலைவர் வீட்டுக்கு டப்பா குடுக்கப் போனோமே, அவர் முகத்தைப் பார்த்தியா?"

"நான் எங்க பார்த்தேன்? வெளியில நிறுத்திட்டுப் போனீங்க."

"பேச்சுக்கு நடுவுல ரெண்டு தடவை எழுந்து உள்ள போனார். மேசையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னார். எனக்கு ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஒரு கடமைக்குத் தர்றேன்னார். இப்பப் பார்த்தா டப்பாவும் அதையேதான் சொல்லுது."

அக்காவுக்கு முகத்தைப் படிக்கத் தெரியும் என்றால் எனக்கு ஓட்டுநர்களைத் தெரியும். தலைவரின் காரோட்டி, நான் டீ குடிக்கிற கடைக்குத்தான் வருவான். ஆள் நல்ல உருண்டு திரண்டவன், வாயும் அப்படித்தான். அன்று சாயங்காலம் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தேன். கேட்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவனே பொருமிக்கொண்டிருந்தான்.

"உங்க ஆபீஸ்ல குடுத்த டப்பாவால என் உயிரு போச்சுண்ணே. எங்க ஐயாவுக்கு வெக்கம். நீயே ரொப்பிக் குடுத்துடுடான்னுட்டார். சரி, எசமான் சொல்றார்னு பார்த்தா, செயலாளர் டப்பாவும் வருது, பொருளாளர் டப்பாவும் வருது. ஒரே காலையில மூணு டப்பா! நான் என்ன மாடாண்ணே?"

டீ எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் எரிச்சல் வந்தது. படித்த மனுஷர்கள், ஊரில் பெரிய கடை வைத்திருப்பவர்கள், செய்த காரியத்தைப் பாருங்கள்! இவர்கள் வெட்கத்துக்கு ஒரு பெண்ணின் பிழைப்பு போகிறது.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா துள்ளிக் குதிப்பார், நேரே டாக்டரம்மாவிடம் ஓடுவார் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை.

"போய்ச் சொன்னா என்ன ஆகும்? அந்த டிரைவரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அவன் ஆமான்னு சொல்லணும். அடுத்த நிமிஷம் அவனுக்கு வேலை போயிடும். இவளைத் தூக்கி விடுறதுக்கு அவனைக் குழியில தள்ளணுமா?"

"அப்ப அந்தப் பொண்ணு கதி?"

"அதான் எனக்கும் புரியல தம்பி. நான் பொறுப்புன்னு சொன்னேனே. என் வாயை நம்பிக் குடுத்தா. மறைச்சவங்க எல்லாம் நல்லா இருக்காங்க. மறைக்காம குடுத்தவ மாட்டிக்கிட்டா. இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் இன்னொருத்தர்கிட்ட டப்பா நீட்டுவேன்?"

டாக்டரம்மா அறிக்கையை வார முடிவில் அனுப்பியாக வேண்டும். மறுநாள் மத்தியானம், கடைகளில் கூட்டம் குறைகிற நேரம், அக்கா என்னைத் தலைவரின் கண்ணாடிக் கடைக்கு வண்டியை விடச் சொன்னார். சண்டை போடப் போகிறார் என்று எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். உள்ளே போனால், வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "கண்ணு பார்க்கணும். ரொம்ப நாளா எழுத்து மங்குது. பெரியவரே பார்த்தா நல்லாயிருக்கும்" என்கிறார் அக்கா!

நீளமான கடை. இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரி, அதில் வரிசை வரிசையாக ஆளில்லாத மூக்குக் கண்ணாடிகள். கடைசியில் பலகைத் தடுப்பு போட்ட பரிசோதனை அறை. தலைவர் வந்து அக்காவை உள்ளே கூட்டிப் போனார். கன்னம் ஒட்டிப்போய், சட்டை தோளில் தொளதொளவென்று கிடந்தது. வாடிக்கையாளர் என்று வந்துவிட்டால் இல்லையென்று சொல்ல முடியுமா? அதுவும் பெண்பிள்ளை. நான் தடுப்புக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"மேலருந்து படிங்க" என்றார் தலைவர். அக்கா படித்தார். எழுத்து சிறிதாகச் சிறிதாகக் குரல் தயங்கியது.

"கடைசி வரி?"

"தெரியல சார்."

"முயற்சி பண்ணிப் பாருங்க."

"குத்துமதிப்பா ஏதாவது சொல்லிடலாம் சார். தெரிஞ்ச மாதிரி சொன்னா அதுக்குத் தகுந்த கண்ணாடிதானே போட்டுக் குடுப்பீங்க? அதை மாட்டிக்கிட்டுப் படியில உருண்டேன்னா, ஜனங்க என்னைச் சொல்ல மாட்டாங்க. உங்க கடையைத்தான் சொல்வாங்க."

தலைவர் சிரித்தது கேட்டது. "அதைத்தாம்மா எல்லார்கிட்டயும் தலைப்பாடா அடிச்சுக்கிறேன். உள்ளதைச் சொல்லுங்க, கௌரவம் பார்க்காதீங்கன்னு. கேக்குறாங்களா?"

"நானும் அதையே சொல்லத்தான் சார் வந்தேன்."

நான் நாற்காலியைத் தடுப்போடு ஒட்டி இழுத்துப் போட்டேன்.

"நீங்க குடுத்ததை வச்சு எங்க டாக்டரம்மா ஒரு கண்ணாடி போட்டிருக்காங்க சார். உருண்டு விழுந்தது வேற ஒருத்தி. விடுதியில காய் நறுக்குற பொண்ணு."

"யார் உங்ககிட்ட என்ன சொன்னது? என் டிரைவரா?"

"உங்க டிரைவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல சார். துணிக்கடையில நின்னவ நான், ஆளைப் பார்த்தே சட்டை அளவு சொல்லிடுவேன். போன மாசம் தைச்ச சட்டை இப்ப உங்க தோள்ல நிக்க மாட்டேங்குது. விடுதியில படுத்திருக்காங்களே, அவங்க சட்டையும் இப்படித்தான் தொங்குது."

தலைவருக்குக் கோபம் வந்தது. வராதா? கடைக்குள் வந்து அவமானப்படுத்துவதா, மேலிடத்தில் சொல்லி வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்றெல்லாம் கத்தினார். கத்தி ஓய்ந்த பிறகு அவர் குரல் இறங்கியது.

"உங்களுக்கு என்னம்மா. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நான் கண்ணாடி போட்டவன். எவனோ ஒருத்தன் என் பேர் ஒட்டின டப்பாவைத் திறந்து பார்த்துட்டு, நாளைக்கு என் கடையில வந்து நின்னு இளிப்பான். அதை நினைச்சாலே உடம்பு கூசுது."

"கூசும் சார். எல்லாருக்கும் கூசும். அந்தப் பொண்ணுக்குக் கூசாதா? கல்யாணம் ஆகாதவ. தெரிஞ்சா வேலை போயிடும்னு பயந்துக்கிட்டேதான் குடுத்தா. ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொன்னேன், அந்த ஒரு சொல்லுக்காகக் குடுத்தா. உண்மையைக் குடுத்ததுக்கு அவ வீட்டுல உக்காந்திருக்கா. நீங்க ஒருத்தர் குடுத்தா அவ பிழைச்சுப்பா. உங்க பேர் வெளிய வராது. லேப்ல நம்பர்தான் போகும். இதுக்கு நான்..."

நான் பொறுப்பு என்று சொல்ல வந்திருப்பார். சொல்லவில்லை. அந்தச் சொல்லை எடுக்க அவருக்கு இனி வாய் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைவருக்கு வயிறு அழைத்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தவர், என்னைக்கூடக் கவனிக்காமல் பின்பக்கக் கழிப்பறையை நோக்கி ஓடினார். பின்னாலேயே அக்கா. நடையா, ஓட்டமா என்று சொல்ல முடியாத ஒரு வேகம். அவர் கதவைச் சாத்தப் போகும்போது அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் டப்பாவை நீட்டினார்.

கதவு பாதியில் நின்றது. அந்த ஒரு நொடி எனக்கு யுகமாக இருந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு கை வந்து டப்பாவை வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. தலைவரின் டப்பாவில் ஒட்டுண்ணி இருந்தது. மற்ற இருவரையும் அவரே தொலைபேசியில் ஒரு பிடி பிடித்திருக்கிறார். அவர்களுடைய டப்பாக்களும் ஒழுங்காக வந்தன, அவற்றிலும் அதே கதை. டாக்டரம்மா பந்தல்காரர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். செடிகளுக்குப் பாய்ச்சுகிற தொட்டித் தண்ணீரில் அந்தப் பச்சிலையை அலசி, அப்படியே நசுக்கிப் போட்டிருக்கிறார்கள். அறிக்கையில் அந்தப் பெண்ணின் மேல் குற்றமில்லை என்று டாக்டரம்மா தெளிவாக எழுதினார். எல்லோருக்கும் மாத்திரை. மூன்று பேரின் பழைய டப்பாக்களைப் பற்றி அக்கா மூச்சு விடவில்லை. டாக்டரம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார், கேட்கவில்லை.

அந்தப் பெண் மருந்தை முடித்து, மறுபடி பரிசோதித்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு வேலைக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அக்கா தானே கூட வருவேன் என்று அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

சமையற்கூடத்தில் மேலாளர் காத்திருந்தார். "வா, வா. ஆனா பச்சைக் காய் மேசை வேணாம். பின்னால பாத்திரம் கழுவுற இடத்துல நில்லு. விருந்தாளிங்க காதுல பேச்சு விழுந்திருக்கு. அறிக்கை எல்லாம் அவங்களுக்குப் புரியுமா?" என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் பின்பக்கம் நடந்தாள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் சார், தப்பு இல்லைன்னு ஆன பிறகு எதுக்குத் தண்டனை?" என்று ஆரம்பித்தார். மேலாளர் கையை விரித்தார்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு சங்கத் தலைவர் உள்ளே வந்தார். அவள் என்றைக்கு வேலைக்குத் திரும்புகிறாள் என்று முந்தின நாள் அலுவலகத்துக்கு ஃபோன் பண்ணிக் கேட்டிருந்தார். எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது. கோட்டும் சூட்டுமாக அந்த ஆவியிலும் புகையிலும் நின்றவர், மேலாளர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வந்திருக்க வேண்டும்.

"அவங்களை நிக்கச் சொல்லுங்க" என்றார். சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள், எல்லோரும் திரும்பினார்கள். "எனக்கும் இந்த வயித்துப்போக்கு வந்தது. இவங்க கையால நான் ஒரு வாய்கூடச் சாப்பிடல. முதல்ல டப்பா குடுத்தப்ப, வெக்கப்பட்டுக்கிட்டு வேற ஆளோடதைக் குடுத்தேன். அந்தப் பொய்யாலதான் இவங்களுக்குக் கெட்ட பேர். எங்க சங்கத்துக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் இதைச் சொல்லியாச்சு. இவங்க நின்ன இடத்துலயே நிப்பாங்க. அடுத்த மாநாடும் இங்கதான்."

பேர் வெளியே வராது என்று அக்கா அவருக்கு உறுதி சொல்லியிருந்தார். மனுஷர் தானே வந்து சபையில் போட்டு உடைத்துவிட்டார். மேலாளர் பச்சைக் காய் மேசையைக் கைகாட்டினார்.

அந்தப் பெண் தலைவரைப் பார்த்தாள். வைவாளோ, அழுவாளோ என்று நான் பயந்தேன். வைதாலும் தகும்.

"உங்களுக்கு இப்ப வயிறு எப்படி சார் இருக்கு?" என்று கேட்டாள். "மாத்திரையை நடுவுல நிறுத்திடாதீங்க. நான் நின்னுடுச்சேன்னு ரெண்டு வேளை விட்டேன், திரும்ப வந்துடுச்சு. அப்புறம் அக்கா வந்து திட்டினாங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார்.

"எனக்குப் பரவாயில்லம்மா" என்றார். "உனக்கு? உனக்கு இப்ப எப்படி இருக்கு?"

அந்தச் சமையற்கூடத்தில் இத்தனை நாளில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. வேலையை விட்டு அனுப்பியபோது அழாதவள், பாத்திரம் கழுவப் போ என்றபோது அழாதவள், அப்போது அழுதாள். அக்கா போய் அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.